தாத்தா திரும்ப எடுத்து வந்த கோடித் துணி

தாத்தா மறைந்து ஓராண்டு ஆகிறது. வீடு சின்னது, வெயிலும் அதிகம் என்று பார்க்காமல் வந்து அமர்ந்திருக்கும் உறவுகளுக்கும், காஜா பெராங் வட்டாரத்து அண்டை அயலாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்த நினைவு மலரோடு உங்களில் சிலருக்குப் பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றும் கொடுத்திருக்கிறோம். தயவுசெய்து இதைப் படித்த பிறகு அதைப் பிரியுங்கள். முன்னாலேயே பிரித்துவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் படிக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

நான் அவருடைய பேத்தி. ஜப்பான்காரன் வந்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடம் நின்றது, அதோடு என் படிப்பும் நின்றது. சண்டை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது என் வயதுப் பெண்ணை அங்கே உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் எழுத்தில் பிழை இருக்கும். தம்பி திருத்தித் தருவதாகச் சொன்னான். அவன் திருத்தினால் சிலவற்றை எடுத்துவிடுவான் என்று தோன்றியதால் கொடுக்கவில்லை. தாத்தா உங்கள் வீடுகளுக்கு எத்தனையோ முறை வந்து, சொல்ல நினைத்துச் சொல்லாமலே திரும்பிய ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு நீங்கள் அவரை என்னவாக நினைப்பீர்களோ என்ற கலக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

தாத்தா பிறந்தது சேலம் பக்கத்தில் ஒரு சிற்றூர். இளம் வயதில் கப்பலேறி வந்து, மலாக்காவில் சலவைத் தொழில் செய்தார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணறும், துவைக்கும் கல்லும், கொடி கட்டிய திடலும் இருந்தன. டவுனில் வெள்ளைக்காரர் வீட்டு மேசை விரிப்பிலிருந்து, துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவில் திருவிழாவுக்கு ஆட்கள் கட்டும் வேட்டி வரை அவர் கைக்கு வரும். எங்கள் பாட்டி நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். அப்பா ஒரே மகன். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போய் வருவது அப்பாவின் வேலை.

தாத்தா அதிகம் பேசமாட்டார். பேசினால் தொழில் பேச்சாகத்தான் இருக்கும். வெள்ளைத் துணியை நேர் வெயிலில் காயவை, சாயத் துணியைத் திருப்பிப் போடு என்பார். எனக்கு அவர் சொல்லித் தந்தவற்றில் துணியைப் பற்றி இல்லாதது இரண்டுதான். சாவு விழுந்த வீட்டில் எப்படிப் போனார் என்று கேட்காதே, என்ன வேணும் என்று கேள் என்பது ஒன்று. இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் நேராக நின்று சொல், திட்டினால் வாங்கிக்கொள், விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை அவர் எங்கே படித்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில்தான் படித்தார்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இறந்தவர் மேல் போடும் கோடித் துணி புதியதாக, தண்ணீர் படாததாக இருக்க வேண்டும். நனைந்தது கோடி ஆகாது. மயானத்தில் அந்தத் துணியை எடுத்துக்கொள்வது சலவைக்காரருக்கு உரிய வழக்கம். எடுத்துப்போய் வெளுத்து அவர் கட்டிக்கொள்வார், இல்லாதவருக்குக் கொடுப்பார். அதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. ஆனால் ஒருவர் மேல் போட்டதை இன்னொருவருக்குக் கோடி என்று போடுவது கிடையாது. எங்கேயும் கிடையாது.

ஜப்பான் காலத்தில் கிழங்கு கிடைத்தது, துணி கிடைக்கவில்லை. கடைகளில் அலமாரி வெறுமையாக இருந்தது. இருந்த துணி கிழிந்து, ஒட்டுப் போட்டு, ஒட்டும் கிழிந்தது. ஆண்கள் கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். ஒரே சேலையை அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்ட வீடுகள் எங்கள் வரிசையிலேயே இருந்தன. ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். தாத்தாவின் கொடியில் மட்டும் ஜப்பான் அதிகாரிகளின் சட்டைகள் வெள்ளை வெளேரென்று ஆடும். அதில் ஒன்று குறைந்தால் தலை போகும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வேப்பிலைக் கஷாயம் கொடுத்தோம். குளிர்க் காய்ச்சலில் கட்டில் அதிரும். ஒரு காலையில் அதிர்வது நின்றது.

சண்டைக்கு முன் தீபாவளிக்கு அப்பாவுக்கென்று எடுத்த மல் வேட்டி ஒன்று பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதுவே கோடி ஆயிற்று. அம்மா எடுக்கும்போது பெட்டியின் ஆணியில் மாட்டி ஓரம் கிழிந்தது. கோடித் துணியில் ஊசி படக்கூடாது என்பார்கள். ஆனாலும் கிழிசலோடு அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. வீட்டில் இருந்தது பச்சை நூல் மட்டும்தான். அழுதுகொண்டே நாலு தையல் போட்டு, மூலைகளில் மஞ்சள் தடவி, அப்பா மேல் போர்த்தினார். அப்பா அந்த வேட்டியில் போனார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அன்றே பின்வரிசையில் கொத்தனார் ஒருவரும் இறந்துபோனார். தாத்தா அங்கே ஒரு புது வேட்டி கொண்டுபோய்ப் போட்டார் என்று கேள்விப்பட்டோம். மகனைப் பறிகொடுத்த அன்றே இப்படி ஒரு மனசா என்று ஊரே பேசியது. அம்மாவோ, இன்னொரு புது வேட்டி இருந்திருக்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு காஜா பெராங்கில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தாத்தா அக்குளில் ஒரு வெள்ளை மடிப்போடு போய் நின்றார். ஆணோ பெண்ணோ, வெள்ளை வேட்டிதான். கஞ்சி மொடமொடப்பாக, மூலையில் மஞ்சளோடு இருக்கும். பக்கத்தில் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான செட்டி கம்போங்கிலும் போட்டார். அவர்கள் வீட்டில் தமிழ்ப் பேச்சு இல்லை, சாமியும் சடங்கும் நம்முடையவை. அங்கே ஒரு அம்மா, "கைன் பாரு?" என்று, புதுத் துணியா என்று மலாயில் கேட்டு, அவர் தலையசைத்ததும் காலில் விழப் பார்த்தாராம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டோபி கிழவன் பெட்டி நிறைய வேட்டி பதுக்கி வைத்திருக்கிறான் என்று பேச்சுக் கிளம்பியது. மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நிற்கும்போதே கேட்பார்கள்.

"என்ன பெரியவரே, செத்தாத்தான் துணியா? அப்போ நான் நாளைக்குப் படுத்துக்கறேன். வேட்டிய போடுங்க, எழுந்திருச்சு ஓடிடறேன்."

"ஓடுறப்ப வேட்டி அவுந்துச்சுன்னா மறுபடியும் படுத்துக்கடா!" என்பார் பின்னால் நிற்பவர்.

வரிசையே சிரிக்கும். தாத்தாவும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிழங்கை வாங்கிக்கொண்டு வருவார். நான் அவர் பின்னால் வெட்கத்தோடு நடந்து வருவேன்.

இதற்கிடையில் நான் பெரிய பெண் ஆனேன். என்னை மூலையில் பாய்த் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். என் இடுப்பில் சாக்கு. அது அறுத்த இடமெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. செமாபோக்கிலிருந்து தாய்மாமன் சேலை கொண்டுவர வேண்டும். மாமா வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அவர் கட்டியிருந்ததும் சாக்குதான். பழத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அவர் போனதும் அம்மா தாத்தாவிடம் போனார். தடுப்புக்குப் பின்னால் எனக்கு எல்லாம் கேட்டது.

"மாமா, பிள்ளைக்கு ஒரு வேட்டி குடுங்க. மஞ்சள்ல நனைச்சுச் சீலையாக் கட்டி விடுறேன்."

"இல்லம்மா."

"இல்லைன்னா? போன வாரம் அந்த வீட்டுக்குப் போட்டீங்களே, அது எங்கேருந்து வந்துச்சு?"

"அது இல்லம்மா."

"செத்தவங்களுக்கெல்லாம் இருக்கு, உயிரோட மூலையில உக்காந்திருக்கறவளுக்கு இல்லையா? உங்க மகன் பிள்ளை மாமா அவ! அவர் இருந்திருந்தா இப்படிச் சாக்குல உக்காந்திருப்பாளா?"

தாத்தா கிணற்றடிக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்து தாத்தாவின் தகரப் பெட்டியின் பூட்டை உடைத்தார்.

உள்ளே பெட்டி நிறைய இருக்கும் என்று நினைத்தோம். ஒன்றுதான் இருந்தது. அம்மா அதைத் தூக்கி உதறினார். கஞ்சி போட்ட துணி சடசடவென்று விரிந்தது. நான் தடுப்பை விலக்கிப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து, அதன் ஓரத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டிருந்தார். பச்சை நூல். நாலு தையல்.

தாத்தா வாசலில் வந்து நின்றார்.

"மாமா, இது அவரோடது."

"ஆமாம்மா."

"இதை அவர் மேல போட்டு அனுப்பினேனே."

"நான்தான் உருவிட்டேன்." தாத்தா உள்ளே வரவே இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குழிக்குள்ள இறக்கறதுக்கு முன்னாடி உருவிட்டேன். கொத்தனார் போர்த்தத் துணியில்லாம பாயோட கெடக்கான்னு வழியில சொன்னாங்க. அவன் பொண்டாட்டி சாக்கைக் கட்டிக்கிட்டு மண்ணுல புரண்டுட்டிருக்கு. இவன் என் மகன்தானே, கோவிச்சுக்க மாட்டான்னு நெனச்சேன். எங்கேருந்து சாமி கொண்டாந்தீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. புதுசும்மான்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வார்த்தைதான். அப்புறம் அதை நிறுத்த முடியல."

ஒவ்வொரு முறையும் மயானத்திலிருந்து எடுத்து வந்து, வெளுத்து, மரவள்ளி மாவுக் கஞ்சி போட்டு, புதுத் துணி மாதிரி சத்தம் வரும்படி இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். காஜா பெராங் முழுவதற்கும் இருந்தது இந்த ஒன்றுதான். அதை எனக்கு மங்கலச் சடங்குக்குக் கொடுக்க முடியாது, இறந்தவர் மேல் கிடந்தது. ஏன் கொடுக்க முடியாது என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிடும், தங்கள் ஆள் கோடி இல்லாமல்தான் போனார் என்று. அதனால் பதுக்கல்காரன் என்ற பேரை வாங்கிக்கொண்டு இருந்துவிட்டார்.

அன்று தாத்தா தான் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துத் துவைத்து, மஞ்சளில் முக்கி எனக்கு அனுப்பினார். அப்போதிருந்து அவரும் சாக்குக்கு மாறினார். ஊருக்கெல்லாம் வெளுத்துக் கொடுத்தவர், இடுப்பில் கோணியோடு, தலையில் ஜப்பான் அதிகாரிகளின் இஸ்திரி போட்ட சட்டைகளைச் சுமந்துகொண்டு, முனையில் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டுப் போவார். அதைப் பார்த்தும் ஊர், "பாரு, நடிக்கறான்" என்றது.

அம்மா அவரோடு சில நாள் பேசவில்லை. சோறு இல்லாத காலம், கிழங்கை வேகவைத்து அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போவார். பிறகு ஒரு நாள் மேல்வரிசையில் ஒரு வயதான அம்மா இறந்துபோனதாகச் செய்தி வந்தது. தாத்தா எழுந்திருக்கவில்லை. இனிமேல் அந்தத் துணியைத் தொடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. அம்மாதான் அடுப்பைப் பற்றவைத்து மரவள்ளி மாவைக் கரைத்தார்.

"எழுந்திரிங்க மாமா. கரி எடுத்து வைங்க, இஸ்திரி போடணும். அவங்க மகன் வாசல்ல எதிர்பார்த்துட்டு நிப்பான்."

அதன்பின் அந்தக் குற்றம் இரண்டு பேருடையதாக ஆயிற்று. எனக்கும் தெரிந்திருந்ததால் மூன்று பேருடையது. வெளியே மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார்.

சண்டை முடிந்து கடைகளில் துணி வந்தது. தாத்தா அந்த வேட்டியைத் துவைத்துப் பெட்டியில் வைத்தார், பிறகு எடுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளை அவர் விடவில்லை. திதி நாளை நினைவு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போவார். நீங்கள் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, "பெரியவர் மறக்காம வர்றார் பாரு" என்று பிள்ளைகளிடம் சொல்வீர்கள். அவர் காப்பியைக் குடித்துவிட்டு, படத்தைக் கும்பிட்டுவிட்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழையும்போதே அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"சொன்னீங்களா தாத்தா?"

"இன்னிக்குச் சொல்லல பாப்பா. பிள்ளைங்க இருந்துச்சு."

அடுத்த வருடம் வேறு ஒரு காரணம். அத்தனை மரியாதையாக வரவேற்றால் மனிதர் எப்படிச் சொல்வார்? உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் காப்பி அவருக்கு இறங்கவில்லை என்று சொல்கிறேன்.

தீபாவளிக்கு நாங்கள் எடுத்துக் கொடுக்கும் வேட்டியை நேராகக் கட்டவே மாட்டார். முதலில் வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, காயவைத்துத்தான் கட்டுவார். டோபி புத்தி போகவில்லை என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

அம்மா இறந்தபோது தாத்தாவுக்கு நன்றாக வயதாகியிருந்தது. மருமகளுக்கு அவரே மாவு கரைத்தார். என்னை இஸ்திரி போட விடவில்லை. பச்சைத் தையல் போட்ட அந்த வேட்டியை அம்மா மேல் போர்த்தினார். அம்மாவும் அதைத்தான் கேட்டிருந்தார். அன்று தாத்தா மயானத்திலிருந்து வெறுங்கையோடு வந்தார்.

கடைசி மாதங்களில் அவர் படுக்கையாகிவிட்டார். நினைவு தெளிவாகவே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாப்பா, எனக்குப் போடுறதை நனைச்சுப் போடு."

"என்ன பேச்சு தாத்தா இது?"

"நனைஞ்சதைத்தானே அவங்களுக்குக் குடுத்தேன். நான் மட்டும் புதுசுல போனா அங்கே அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

சரி என்றேன். அதை நான் சரியாகச் செய்யவில்லை.

அவர் போன அன்று பின்னால் கிணற்றடியில் ஒரு தொட்டித் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கள் வீட்டு வேட்டியை நனைத்துப் பிழிந்து முதலில் நானே போர்த்தினேன். பிறகு ஊர் வந்தது. கொத்தனாரின் மகன், இப்போது தலை நரைத்தவர், புது வேட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூடத்தில் நின்று எல்லோர் முன்பும் சொன்னார்: "எங்கப்பா பாயோட போயிருக்க வேண்டியவரு. இந்த மனுசன்தான் புது வேட்டியில அனுப்பி வெச்சாரு. எங்கம்மா சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே சந்தோசப்பட்டுச்சு."

அவருக்குப் பின்னால் இன்னும் பலர். எல்லோர் கையிலும் புதுத் துணி. செட்டி கம்போங்கிலிருந்தும் வந்தார்கள். நான் ஓடிப்போய் ஒருவர் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் முக்கப் போனேன். தாய்மாமன் மனைவியான செமாபோக் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே, கோடியை நனைக்கறே! புத்தி கெட்டுப் போச்சா? இங்க குடு."

"அத்தை, தாத்தா சொன்னாரு..."

"செத்தவர் சொன்னாரா? ஏற்கனவே ஒண்ணு ஈரமாக் கெடக்கு, யாரு பண்ண வேலைன்னு தேடிக்கிட்டிருக்கேன். போய் மூஞ்சிய கழுவு."

அத்தை மேல் தப்பில்லை. வழக்கத்தைக் காப்பாற்றினார். என்னால் அங்கே வாய் திறக்க முடியவில்லை. கொத்தனார் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் அம்மாவின் சந்தோஷத்தை எப்படிப் பிடுங்குவது? தாத்தா ஏன் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார் என்பது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவர் மேல் மடிப்புக் கலையாத வேட்டிகள் அடுக்கடுக்காக ஏறின. அடியில் கிடந்த ஈர வேட்டி வெளியே தெரியவே இல்லை. யார் மேலும் விட்டுவைக்க முடியாமல் உருவி வந்தவர், அத்தனை புதுத் துணியோடு போனார். அவரைப் பார்த்து அங்கே அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று இந்த ஒரு வருடமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தாத்தாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் அப்பாவும் அம்மாவும் அன்று பாயோடு போகவில்லை, அது உண்மை. ஆனால் அவர் புதுசு என்று சொன்னது பொய். அந்த வேட்டியை உங்கள் ஆள் மேலிருந்து அவரே திரும்ப எடுத்து வந்தார். எங்களுக்கும் தெரிந்திருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். படுக்கையில் கிடந்தவரைத் தினமும் வந்து புரட்டிப் படுக்கவைத்த அடுத்த வீட்டுப் பையனுக்கும், காரியத்தன்று கூடாரம் போட்டவர்களுக்கும், பெரிய பானைகளும் மேசைகளும் தந்த எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்துக்கும், திட்டிக்கொண்டே எல்லா வேலையும் பார்த்த செமாபோக் அத்தைக்கும், கொள்ளி வைத்துச் சடங்குகளைக் குறையில்லாமல் செய்த என் தம்பிக்கும், அன்று கோடி கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் கைகூப்புகிறேன். யார் பெயராவது விடுபட்டிருந்தால் என் மறதிதான் காரணம், மனக்குறை வேண்டாம்.

பொட்டலத்தில் இருப்பது வெள்ளை வேட்டி. அம்மாவை இழந்த வீடுகளுக்குச் சேலை. டவுனில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மடிப்போடு அப்படியே இருக்கிறது. கஞ்சி போடவில்லை, தண்ணீர் காட்டவில்லை, மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் வைத்து எடுத்து வந்தேன். எந்தெந்த வீடு என்று தாத்தா வாய்மொழியாகச் சொன்னதை வைத்துத்தான் கொடுத்திருக்கிறோம். விட்டுப்போன வீடு இருந்தால் தயவுசெய்து வந்து கேளுங்கள். கோபமாக இருந்தாலும் வாருங்கள். நேராக நின்று வாங்கிக்கொள்கிறேன், விளக்கம் சொல்ல மாட்டேன்.

அடுத்த திதியன்று உங்கள் வீட்டுப் படையலில் இதை உங்கள் அப்பாவுக்கு, உங்கள் அம்மாவுக்கு வையுங்கள். இது புதுசு. இதைத் திரும்ப எடுத்துப்போக எங்கள் வீட்டிலிருந்து யாரும் வர மாட்டோம்.